தூண்டிலும் பாதையின் உரிமையும்

உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் இஸ்தான்பூல் மாநகரையும் கண்டு வரும் வழக்கம் நம் மக்களிடையே பரவி வருகிறது. நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தில் ஸலாம் உரைக்கிறீர்கள். தோப்காப்பி அரண்மனையில் பாதுகாக்கப்படும் புனிதச் சின்னங்களைக் கண்டு மனம் நெகிழ்கிறீர்கள். எமினோனு கடல்துறையை அடுத்துள்ள ‘புதிய பள்ளிவாச’லில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வருகிறீர்கள். உங்கள் கண்ணெதிரே நீண்டு கிடக்கிறது கலதா பாலம்.

பாலத்தின் இருமருங்கிலும் வேலி நட்டாற்போல் தூண்டிற்கோல்கள். கைப்பிடிக் கம்பியை ஒட்டித் தோளோடு தோள் உரச மனிதர்கள். அவர்கள் காலடியில் நீர் நிரம்பிய வாளிகள். வாளிகளில் துள்ளும் சிறு மீன்கள். தேநீர் விற்பவரும், இரை விற்பவரும், எள் தூவிய வட்ட ரொட்டியான ‘சிமித்’ விற்பவரும் இடையிடையே புகுந்து செல்கின்றனர். பார்க்க எத்துணை அழகிய காட்சி!

ஆனால், அந்த நடைபாதையில் உங்கள் வயது முதிர்ந்த தாயாரைக் கைப்பிடித்து, குழந்தையையும் அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒருவர் கோலைப் பின்னுக்கு ஓங்குகிறார். ஈயக்குண்டும் கூரிய முட்களும் கட்டிய நரம்பு, உங்கள் குழந்தையின் முகத்துக்கு நேராகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. நீங்கள் திடுக்கிட்டு விலகுகிறீர்கள். அவரோ திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவருடைய கண்கள் நீரின் மேல்.

இந்தப் பாலம் யாருக்கு உரியது? நிற்பவருக்கா, நடப்பவருக்கா? இதுவே இக்கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி.

சுங்கம் வாங்கிய பாலம்

இஸ்தான்பூல் நகரின் ஐரோப்பியப் பகுதியைக் கிழித்துக்கொண்டு உள்ளே செல்லும் கடற்கழிக்கு மேலைநாட்டார் ‘தங்கக் கொம்பு’ என்று பெயரிட்டனர். துருக்கியரோ அதனை ‘ஹாலிச்’ என்பர். வளைகுடா நாடுகளில் உழைத்து வரும் நம் சகோதரர்களுக்கு நன்கு பழக்கமான ‘கலீஜ்’ என்னும் அரபுச் சொல்லின் துருக்கிய வடிவமே அது.

இக்கழியின் மேல் பாலம் அமைக்கும் எண்ணம் பழமையானது. 1502ஆம் ஆண்டிலேயே இத்தாலிய ஓவியமேதை லியனார்டோ டா வின்சி, சுல்தான் இரண்டாம் பாயஸீதுக்காக ஒரு பாலத்தின் வரைபடத்தைத் தீட்டினார், அது கட்டப்படவில்லை. கழியின் முகத்துவாரத்தில் முதற் பாலம் 1845இல் எழுந்தது. சுல்தான் அப்துல் மஜீதின் தாயார் பஸ்மிஆலம் அவர்களின் முயற்சியால் கட்டப்பட்ட மரப்பாலம் அது. அதன்பின் பாலங்கள் மாறி மாறி வந்தன. 1912இல் அமைந்த நான்காவது பாலம், மிதவைகளின் மேல் நின்ற இரும்புப் பாலம். 1992இல் அது தீக்கிரையாயிற்று. இன்று நாம் காண்பது ஐந்தாவது பாலம். 1994இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் நீளம் 490 மீட்டர். மேல்தளத்தில் வாகனங்களும் டிராம் வண்டியும் ஓடுகின்றன. கீழ்த்தளத்தில் வரிசையாக உணவகங்கள். அங்கு அமர்ந்து உண்பவர்களின் கண்முன்னே, மேலிருந்து இறங்கும் தூண்டில் நரம்புகள் திரைபோல் ஆடிக்கொண்டிருக்கும்.

1930 வரை இப்பாலத்தைக் கடப்பவர்களிடம் சுங்கம் வசூலிக்கப்பட்டது. அன்று நடப்பதற்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்றோ நடப்பதற்கும் கட்டணமில்லை. நாள் முழுதும் நிற்பதற்கும் கட்டணமில்லை.

ஏன் இத்துணை நெரிசல்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலத்தின் இரு பக்கக் கைப்பிடிகளையும் சேர்த்தாலும் நீளம் ஒரு கிலோமீட்டரை எட்டாது. நகரின் மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்கும் அதிகம். அத்தனை பேரும் தூண்டில் போடப் போவதில்லை என்பது உண்மையே. எனினும், படகு வாங்க வசதியற்ற தொழிலாளி, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர், வேலை தேடி அலுத்த இளைஞர், விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வரும் தந்தை ஆகிய அனைவருக்கும் எளிதில் எட்டுகின்ற இடம் இது. டிராமில் வந்து இறங்கினால் போதும். கோல் இல்லாதவருக்கு வாடகைக்கும் கோல் கிடைக்கும்.

பொஸ்பரஸ் நீரிணையின் நெடுங்கரை இருக்கிறதே என்று கேட்கலாம். அக்கரையின் பல பகுதிகளில் நீர் விளிம்பை ஒட்டியே செல்வர்களின் மாளிகைகள் நிற்கின்றன. பொதுமக்கள் கால் வைக்கக்கூடிய இடங்களான பெபெக், அர்னவுத்கோய், உஸ்குதார், சராய்புர்னு ஆகிய கரைகளிலும் இதே நெரிசல்தான்.

மற்றொரு காரணம், அல்லாஹ் அந்த நீருக்கு அளித்துள்ள தனித்தன்மை. கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீள வாசல் பொஸ்பரஸ். மேற்பரப்பில் கருங்கடலின் நீர் தெற்கு நோக்கி ஓட, அடியில் மர்மராவின் உப்பு மிகுந்த நீர் வடக்கு நோக்கி ஓடுகிறது. இளவேனிலில் மீன் கூட்டங்கள் இவ்வழியே கருங்கடலுக்குச் சென்று, இலையுதிர் காலத்தில் திரும்புகின்றன. நம் பாரை இனத்தைச் சேர்ந்த ‘இஸ்தவ்ரித்’, நம் நெத்திலியை ஒத்த ‘ஹம்சி’, சூரை இனத்துப் ‘பாலமுத்’ ஆகியவை வரும் பருவத்தை அந்நகர மக்கள் மாம்பழப் பருவத்தை நாம் எதிர்பார்ப்பதுபோல் எதிர்பார்ப்பர்.

ஆயினும், முன்பிருந்த வளம் இன்றில்லை. ஒரு காலத்தில் இந்நீரிணை வழியே சென்ற பெருஞ்சூரைகளும் வாள்மீன்களும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகி மறைந்தன. 2021இல் மர்மரா கடலின் மேல் சளி போன்ற படலம் பரவி, கழிவுநீரால் அக்கடல் எவ்வளவு நலிந்துள்ளது என்பதை உலகுக்குக் காட்டியது. மீன் குறையக் குறையத் தூண்டில்காரர் நிற்கும் நேரம் கூடுகிறது. ஒரு முள் போதாதென்று, ஒரே நரம்பில் இறகு கட்டிய பல முட்களைத் தொங்கவிடுகின்றனர். அருகருகே நிற்போரின் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்குகின்றன. பிறகு சொல் தடிக்கிறது. உல்லாசத்துக்காக வந்த இடத்தில் மனக்கசப்பு விளைகிறது.

பொதுவில் கிடைப்பதை நுகர்வதற்கும் நிபந்தனை

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றும் மக்களுக்குப் பொதுவானவை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 96ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. ஆகவே, கலதா பாலத்தில் நிற்கும் ஏழைத் தொழிலாளி இரவு உணவுக்காக நாலு மீன் பிடிப்பதை யாரும் குறை கூற முடியாது. அது அவருடைய உரிமை.

அந்த உரிமைக்கு எல்லை உண்டா? இதற்கான விடையை அதே இஸ்தான்பூல் நகரம் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்தது. அஹ்மது ஜவ்தத் பாஷா தலைமையிலான அறிஞர் குழு, 1869 முதல் 1876 வரை உழைத்து, ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் ‘மஜல்லா’ என்னும் உரிமையியல் சட்டத் தொகுப்பை உருவாக்கியது. கடலும் பேரேரிகளும் அனைவருக்கும் பொது என்று அத்தொகுப்பு ஏற்கிறது. ஆனால், பொதுவான பொருளை நுகரும் எவரும் பிறருக்குத் தீங்கு விளைவிக்கக் கூடாது என்னும் நிபந்தனையையும் சேர்த்தே விதிக்கிறது. பொதுப் பாதையில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. அதுவும் பிறருக்குத் தீங்கு நேராத வரையில்தான் என்கிறது. அத்தொகுப்பு துருக்கியில் 1926 வரை நடைமுறையில் இருந்தது. சட்டம் மாறியது, அதன் நியாயம் மாறுமா?

பாதைக்குரிய கடமை

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்றை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகளார் (ஸல்) தோழர்களிடம் கூறினார்கள். கூடிப் பேசுவதற்குத் தங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அப்படியாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பெருமானார் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதிலுரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அவ்வுரிமை என்றும் விளக்கினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதர சகோதரிகளே! வேறு இடமில்லை என்று தோழர்கள் சொன்னபோது, எழுந்து போங்கள் என்று அண்ணலார் விரட்டவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், கூடவே கடமையையும் கற்றுக்கொடுத்தார்கள். கலதா பாலத்துத் தூண்டில்காரர்களின் நிலையும் அதுவே. அவர்களுக்கும் வேறு இடமில்லை. ஆகவே அவர்களை விரட்டுவது தீர்வாகாது. பாதையின் உரிமையைக் கொடுப்பதே தீர்வு.

கோலை ஓங்கும்முன் பின்னால் திரும்பிப் பார்ப்பது ஒரு நொடி வேலை. வாளியையும் மூட்டையையும் கைப்பிடியோடு ஒட்டி வைத்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழி கிடைக்கும். மீன் செதிலும் இரைக் கழிவும் சிந்திய தரையை நீரூற்றிக் கழுவிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் வழுக்கி விழமாட்டார். அறுந்த நரம்பையும் உடைந்த முள்ளையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டால், அது வெறும் துப்புரவன்று. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிமொழி கூறவில்லையா? அறுந்து கிடக்கும் நரம்பில் கால் சிக்கித் தவிக்கும் கடற்பறவையைக் கண்டவர்கள், இந்தப் போதனையின் ஆழத்தை நன்கு உணர்வர்.

மீனுக்கும் உரிமை உண்டு

துருக்கியர் உயிரினும் மேலாக விரும்பும் மீன் ‘லூஃபெர்’. அது வளர வளர அதற்குப் பெயரும் மாறும். மிகச் சிறியதற்குத் துருக்கி மொழியில் ‘பிரிஞ்சி இலை’ என்று பொருள்படும் பெயர். நாம் பிரியாணியில் இடும் இலையை எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவே அதன் உருவம். அதன்பின் சினெகொப், சாரிகனாத், லூஃபெர் என்று வளர்ந்து, இறுதியில் ‘கொஃபனா’ ஆகிறது. குஞ்சாக இருக்கும்போதே பிடித்துத் தின்றுவிட்டால் முட்டையிடுவதற்கு ஏது மீன்? நகரமே லூஃபெருக்கு ஏங்கும் நிலை வந்துவிடும் என்று அஞ்சிய ஆர்வலர்கள் 2010ஆம் ஆண்டையொட்டிப் பெரும் பரப்புரை செய்தனர். அதன் பயனாக, 2011இல் பிடிக்கத்தக்க லூஃபெரின் குறைந்தபட்ச நீளம் 14 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது.

பொழுதுபோக்காக மீன் பிடிப்போர் அதனை விற்கவும் அந்நாட்டில் தடையுண்டு. ஆனால் பிரிஞ்சி இலை அளவு மீன் வாளியில் விழும்போது, அருகில் நிற்கும் அதிகாரி யார்? படைத்தவனின் பார்வை ஒன்றுதான். வீண் விளையாட்டுக்காக உயிரைக் கொல்வதை நம் மார்க்கம் வெறுக்கிறது. உண்பதற்கென்று பிடித்தாலும் வீண் விரயம் கூடாது. மனிதரின் கைகள் செய்த வினையால் நிலத்திலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்னும் கருத்தை அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் ஓதும்போது, நம் கையிலிருப்பது தஸ்பீஹா, தூண்டிலா என்று ஒரு கணம் நோக்க வேண்டாமா?

வெறிச்சோடிய கரை

2020 மார்ச் இறுதியில், கொரோனா கொள்ளைநோய் பரவியபோது, வார இறுதி நாட்களில் கடற்கரையில் மீன் பிடிப்பதைத் துருக்கி அரசு தடைசெய்தது. கூட்டத்தைத் தவிர்க்க முடியாத இடம் என்பதால் அத்தடை. பொது இடம் என்பது நிலையான சொத்தன்று. அது ஓர் அமானிதம் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. கூட்டத்தின் தொல்லை எல்லை மீறினால், ஆட்சியாளர்கள் கைக்கொள்ளும் எளிய வழி தடைதான். தடை வந்தால், படகும் மாளிகையும் உடையவருக்கு இழப்பில்லை. நாலு மீனோடு வீடு திரும்பும் ஏழைக்கே இழப்பு. ஆகவே, பாலத்தில் ஒழுங்கு காப்பது அந்த ஏழையின் தட்டைக் காப்பதும் ஆகும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று கடலோரத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு மீனும் தூண்டிலும் புதியனவல்ல. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஏதேனும் ஒரு கரையில் அமரும்போது, முதல் பாடமாக மீன் பிடிக்கும் வித்தையைச் சொல்லித் தராதீர்கள். தூண்டிலை வீசும்முன் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்க்கச் சொல்லித் தாருங்கள். சிறு மீனை நீருக்கே திருப்பி அனுப்பப் பழக்குங்கள். எழுந்து வரும்போது, அமர்ந்த இடத்தை அமர்வதற்கு முன்பிருந்ததைவிடத் தூய்மையாக விட்டு வாருங்கள். அந்தப் பிள்ளை நாளை எந்தப் பாலத்தில் நின்றாலும் பாதையின் உரிமையைப் பறிக்காது.

பிறருக்குத் தொல்லை தராத இன்பத்தையே இன்பமாகக் கருதும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.