பிரிட்சு சுவிக்கி
பிரிட்சு சுவிக்கி (14 பிப்ரவரி 1898 – 8 பிப்ரவரி 1974) சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வானியலாளர் ஆவார். பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்து, சூரிக்கில் பயின்ற இவர், 1925 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

சாதாரண நோவாக்களைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிரும் விண்மீன் வெடிப்புகளுக்கு, வால்ட்டர் பாடேயுடன் இணைந்து இவர் 'சூப்பர்நோவா' எனப் பெயரிட்டார். நியூட்ரான் கண்டறியப்பட்ட 1932 ஆம் ஆண்டிற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, இவ்வெடிப்பில் ஒரு விண்மீன் மிகச் சிறிய, மிக அடர்ந்த நியூட்ரான் விண்மீனாக மாறுகிறது என இருவரும் முன்மொழிந்தனர். அக்கருத்தை அன்றைய வானியலாளர் பலர் பொருட்படுத்தவில்லை.

சூப்பர்நோவாக்கள் ஒரு விண்மீன் பேரடையில் மிக அரிதாகவே நிகழ்பவை. எனவே பல பேரடைகளை ஒருசேரக் கண்காணிக்க, பரந்த வான்பரப்பைப் படமெடுக்கும் 18 அங்குல சிமித் தொலைநோக்கியை 1936 முதல் பலோமார் மலையில் சுவிக்கி பயன்படுத்தினார். ஒரே பகுதியின் பழைய, புதிய படங்களை ஒப்பிட்டு, தம் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டறிந்தார்.

1054 இல் சீன வானியலாளர்கள் பதிவுசெய்த வெடிப்பின் எச்சமே நண்டு நெபுலா. அதன் நடுவே வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று இருப்பது 1968 இல் கண்டறியப்பட்டது. 34 ஆண்டுகளுக்கு முன் தாம் கூறியது மெய்யானதை, 70 வயதில் சுவிக்கி கண்டார். 1972 இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.