செய்தவர் யார்? – ஆங்கிலச் செயப்பாட்டுவினை குறித்துச் சில எண்ணங்கள்

ஆங்கில இலக்கணம் பயின்ற நம் மாணவருள் 'ராமா கில்டு எ ஸ்நேக்' என்னும் தொடரை அறியாதார் இலர். இராமன் பாம்பைக் கொன்றான். பாம்பு இராமனால் கொல்லப்பட்டது. எத்தனைத் தலைமுறையாக நம் வகுப்பறைகளில் இப்பாம்பு கொல்லப்பட்டு வருகின்றதோ, நாமறியோம். முன்னுள்ளதைப் பின்னும், பின்னுள்ளதை முன்னும் மாற்றி, 'வாஸ்' என்பதை இடையிலும் 'பை' என்பதை இறுதிப் பெயருக்கு முன்னும் இட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயின், இவ்வாறு மாற்றுவது எதற்காக என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை.

தமிழில் சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை. 'கடிதத்தை ரஹீம் எழுதினான்' என்றாலும், 'ரஹீம் கடிதத்தை எழுதினான்' என்றாலும் எழுதியவன் ரஹீமே. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு கடிதத்தோடு ஒட்டி நின்று அதனைக் காத்துக்கொள்கிறது. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அவை தேய்ந்து மறைந்தன. இன்று ஆங்கிலப் பெயர்ச்சொல் எழுவாயா செயப்படுபொருளா என்பதை அது நிற்கும் இடமே பெரும்பாலும் உணர்த்துகிறது. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். எனவே கடிதத்தைப் பற்றியே பேச்சு நிகழ்கையில் அதனை முதலில் வைக்க விரும்பும் ஆங்கிலேயர், வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டியவராகிறார். நாம் ஓர் உருபினால் முடிக்கும் வேலைக்கு அவருக்குச் செயப்பாட்டுவினை தேவைப்படுகிறது.

இதனை உணராமையால்தான் நம் மொழிபெயர்ப்புகளில் 'படு' என்பது அளவிறந்து பெருகிவிட்டது. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையைக் கண்டவிடமெல்லாம் தமிழிலும் அதனையே பெய்யவேண்டும் என்பதில்லை. வீட்டில் திருடு போன செய்தியை நம் மக்கள் 'பூட்டை உடைத்துவிட்டார்கள்' என்றே சொல்வர். உடைத்தவர் ஒருவரா பலரா என்பது யாருக்கும் தெரியாது. ஆயினும் பலர்பால் வினை இயல்பாக வந்துவிடுகிறது. ஆங்கிலேயர் 'இட் இஸ் செட்' எனச் செயப்பாட்டில் கூறுவதைத் தொல்காப்பியர் 'என்ப' எனவும் 'மொழிப' எனவும் பலர்பால் செய்வினையாலேயே கூறிச் சென்றார்.

'படு' என்னும் துணைவினைக்குத் துன்புறுதல் என்ற சாயலும் உண்டு. 'வெட்டுண்டான்' என்பதில் 'உண்' என்பதும் அத்தகையதே. அதனால்தான் விழா அழைப்பிதழ்களில் நம் புலவர்கள் 'பரிசுகள் வழங்கப்பெறும்' என எழுதினர். பரிசு பெறுபவரைப் படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணம் போலும்!

இனி, பள்ளிப் பயிற்சியின் பெருங்குறை ஒன்றைக் காட்டவேண்டும். பயிற்சியில் வரும் ஒவ்வொரு தொடரிலும் 'பை ராமா' என்பது தவறாது இடம்பெறும். ஆனால் உண்மையான ஆங்கில வழக்கு அவ்வாறில்லை. ராண்டால்ஃப் குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட விரிவான இலக்கணம், செயப்பாட்டுத் தொடர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, செய்தவரைக் குறிப்பிடுவதேயில்லை என்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்காக வருவதையே முழுமையென நம் மாணவர்க்குப் பயிற்றுகிறோம். திருடன் கைது செய்யப்பட்டான் என்றால் கைது செய்தது காவல்துறை என்பது வெளிப்படை. கரைசல் சூடேற்றப்பட்டது என்னும் ஆய்வகக் குறிப்பில் சூடேற்றியவர் யார் என்பது தேவையற்றது. தெரியாமையாலோ, தேவையின்மையாலோ, சொல்ல விரும்பாமையாலோ செய்தவரை விடுவதற்கென்றே இவ்வடிவம் மிகுதியும் பயன்படுகிறது.

அரபி மத்ரஸாவில் 'ஸர்ஃப்' கற்ற பெரியோர்க்கு இது புதிதன்று. அரபி இலக்கணிகள் செய்வினையை 'மஃரூஃப்', அதாவது அறியப்பட்டது என்றும், செயப்பாட்டுவினையை 'மஜ்ஹூல்', அதாவது அறியப்படாதது என்றும் வழங்கினர். அவர்தம் நோக்கில் இவ்வடிவத்தின் உயிரே செய்தவர் அறியப்படாமை. அப்போது எழுவாயிடத்தில் வந்து அமரும் சொல்லுக்கு 'நாயிபுல் ஃபாஇல்', செய்தவருக்குப் பதிலாள், என்று பெயரிட்டனர். ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகக் கூறுவதை இவ்விரு பெயர்கள் விளக்கிவிடுகின்றன என்பது எம் கருத்து.

மாணவர் வழுக்கும் இடங்கள் இரண்டைச் சுட்டுவோம். செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஆங்கிலத்தில் இவ்வடிவம் இல்லை. 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்' என விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். விபத்து நிகழ்ந்தது, எவராலும் 'நிகழப்படவில்லை'. மற்றொன்று இதனினும் நுட்பமானது. 'ஐ வாஸ் கிவன் எ புக்' என்பது செவ்விய ஆங்கிலம். கொடை பெற்றவரை நான்காம் வேற்றுமையிலிருந்து எடுத்து எழுவாயாக்க அம்மொழி இடந்தருகிறது. தமிழ் அதற்கு உடன்படாது. 'எனக்கு நூல் கொடுக்கப்பட்டது' என்னலாமேயன்றி, 'நான் கொடுக்கப்பட்டேன்' என்றால் நம்மையே எவருக்கோ தானம் செய்துவிட்டதாகப் பொருள்படும். இதற்கு மாறாக, பணப்பை களவு போனதைச் சொல்ல வந்து 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்று எழுதும் மாணவர், தம்மையே களவு கொடுத்துவிடுகிறார்.

இலக்கண வழக்கு என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. இன்று வீடு கட்டப்பட்டு வருகிறது என்பதற்கு 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்பதே முறை. 18ஆம் நூற்றாண்டில் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர்; வீடு தன்னைத் தானே கட்டிக்கொள்வது போன்ற கூற்று அது. புதிய வடிவம் பரவத் தொடங்கியபோது அமெரிக்கரான ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் போன்றோர் அதனைக் கடுமையாகச் சாடினர். 1870இல் வெளிவந்த அவர்தம் நூலிலும் அக்கண்டனம் உண்டு. சாடப்பட்ட வடிவமே நிலைத்தது. நம்மவர்க்கு அப்பழைய வழக்கு வியப்பளிக்காது. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதலும் மரபே எனத் தொல்காப்பியர் வினையியலில் விதித்துள்ளார். திண்ணை தானே மெழுகிக்கொண்டது போலச் சொல்லும் வழக்கை உரையாசிரியர்கள் அதற்குச் சான்று காட்டுவர்.

செயப்பாட்டுவினையைத் தவிர்க்க இயலுமிடத்துத் தவிர்த்துவிடுக என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. அக்கட்டுரையிலேயே செயப்பாட்டுத் தொடர்கள் நிறைய உள்ளன என்பதைப் பின்வந்த மொழியியலார் எடுத்துக்காட்டினர். ஆயினும் அவருடைய அச்சம் வீணன்று. 1876இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட், தம் ஆட்சியைப் பற்றி நாடாளுமன்றத்துக்கு எழுதுகையில், தவறுகள் செய்யப்பட்டுள்ளன என்றார். 1987இல் ரீகன், ஈரானுடன் நிகழ்ந்த ஆயுதப் பேரத்தை ஒட்டி அதே மன்றத்தில் அதே வாய்பாட்டைக் கையாண்டார். தவறு உண்டு, தவறியவர் இல்லை. தட்டு உடைந்துவிட்டது என்று கூறும் குழந்தையை நாம் மன்னிக்கலாம். அதிகாரத்தில் இருப்போர் அவ்வாறு கூறும்போது செவியைக் கூர்மையாக்கிக் கொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவர், தந்தையை இழந்தவர், கல்வி உதவித்தொகை குறித்து ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கில மடலோடு எம்மிடம் வந்தார். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, உரிய நாளுக்குப் பின்னர்ப் பெறப்பட்டமையால் நிராகரிக்கப்படுகிறது என இரண்டே வரிகள். மடலின் பொருளைக் கேட்டுத் தெளிந்து, படிப்பை நிறுத்திக்கொள்வதாக இருந்தார். நாம் அவரிடம், இதனைச் செய்வினையாக மாற்றித் தாரும் என்றோம். பள்ளியில் பழகிய பயிற்சிதானே என எழுத அமர்ந்தவர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார். பரிசீலித்தவர் யார்? பெற்றவர் யார், எந்நாளில்? நிராகரித்தவர் யார்? எழுவாய் நிற்கவேண்டிய மூன்று இடங்களும் வெறுமையாகக் கிடந்தன.

அவ்வெற்றிடங்களையே அவர் வினாக்களாக்கினார். நான் இந்நாளில் பதிவஞ்சலில் அனுப்பினேன். தங்கள் அலுவலர் இந்நாளில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டார். ஒப்புகை அட்டையின் படியை இணைத்துள்ளேன். காலங்கடந்து வந்ததாகப் பதிவு செய்தவர் யார் என அறிய விரும்புகிறேன் எனச் செய்வினையிலேயே நான்கு தொடர்கள் எழுதி அனுப்பினார். அட்டையில் இருந்த நாள், இறுதி நாளுக்கு ஆறு நாள் முந்தியது.

ஒன்றரைத் திங்கள் கழித்து மறுமொழி வந்தது. விண்ணப்பம் மீண்டும் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டுள்ளது என்றிருந்தது. அம்மடலிலும் செய்தவர் பெயர் காணப்படவில்லை. மாணவர் அதனை எம்மிடம் சுட்டிக்காட்டிச் சிரித்துவிட்டு, கட்டணம் செலுத்த அலுவலக அறைக்குச் சென்றார்.