பெல்ட் ஏன் கிறீச்சிடுகிறது?

அதிகாலையில் ஒரு பழைய லாரியைக் கிளப்பும்போது, எஞ்சினின் முழக்கத்தையும் மீறிக் 'கிறீச்' என்ற ஓர் ஒலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஓட்டுநர் எஞ்சின் மூடியைத் திறந்து, ஒரு சோப்புக் கட்டியைப் பெல்ட்டில் நன்றாகத் தேய்க்கிறார். ஒலி நின்றுவிடுகிறது. லாரியும் புறப்பட்டுவிடுகிறது. நோய் தீர்ந்ததா? இல்லை. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திய கதைதான் இது. அவ்வொலி எப்படிப் பிறக்கிறது, அதை எப்படித் தீர்ப்பது என்பதைக் காண்போம்.

பெல்ட்டின் பணி

எஞ்சினின் கிராங்க் தண்டின் முன்முனையில் ஒரு கப்பி உள்ளது. அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் புறப்பட்டு நீர்ப்பம்பையும் விசிறியையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. நீர்ப்பம்பு, எஞ்சினின் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் நீரைச் சுற்றிவரச் செய்கிறது. பெல்ட் அறுந்தால் அந்த ஓட்டம் நின்றுபோகும். கவனியாமல் வண்டியை ஓட்டினால் சிறிது நேரத்தில் நீர் கொதிக்கும்; சிலிண்டர் ஹெட் வளையவும் கூடும்.

பெல்ட்டுக்கும் கப்பிக்கும் இடையே பற்கள் இல்லை, ஆணிகள் இல்லை. இரண்டையும் பிணைப்பது உராய்வு ஒன்றே. அந்த உராய்வு எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும்? ஓர் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட்டில் 25 ஆம்பியர் தருவதாகக் கொள்வோம். இது 700 வாட். அதன் பயனுறுதிறன் 60 சதவீதம் எனில், பெல்ட் சுமார் 1,200 வாட் கொடுக்கவேண்டும். 7 செ.மீ. விட்டமுள்ள கப்பி நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், பெல்ட்டின் வேகம் நொடிக்கு 11 மீட்டர். 1,200ஐ 11ஆல் வகுத்தால் 109 நியூட்டன்; அதாவது ஏறக்குறைய 11 கிலோ எடை. இறுக்கமான பக்கத்து இழுவிசைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவிசைக்கும் உள்ள வேறுபாடு இது.

ஆப்பின் ஆற்றல்

படகுத்துறையில், கட்டையைச் சுற்றிய கயிற்றின் நுனியைப் பிடித்தபடி, ஒரே ஆள் பெரும் படகின் இழுப்பைத் தாங்குவதைக் கண்டிருக்கலாம். சுற்றின் கோணம் கூடக்கூட, கயிற்றின் இரு முனைகளிலும் உள்ள இழுவிசைகளின் விகிதம் மடங்கு மடங்காகப் பெருகும். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த உண்மை இது. பெல்ட்டுக்கும் இதே விதிதான்.

லாரியின் பெல்ட் தட்டையானதன்று. அதன் குறுக்குவெட்டு ஆப்பு வடிவானது. அது கப்பியின் சரிவான இரு சுவர்களுக்கிடையே செருகி நிற்கிறது. 38 பாகைக் கோணமுள்ள பள்ளத்தில் இந்த ஆப்பு, பயன்தரும் உராய்வை ஏறத்தாழ 3 மடங்காக்குகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றும், பெல்ட் கப்பியை 120 பாகை தழுவுகிறது என்றும் கொண்டால், இழுவிசைகளின் விகிதம் சுமார் 7 வரை செல்லலாம். தளர்ந்த பக்கத்தில் 2 கிலோ இழுவிசை இருந்தாலே நமது 11 கிலோவைச் சமாளித்துவிடலாம்.

பெல்ட் தேய்ந்து, அதன் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொட்டுவிட்டால்? ஆப்பு மறைந்து, அது வெறும் தட்டைப் பெல்ட் ஆகிவிடும். விகிதம் 1.9க்கு வீழ்ந்துவிடும். இப்போது தளர்ந்த பக்கத்தில் மட்டுமே 12 கிலோ இழுவிசை தேவை. அதனால்தான் தேய்ந்த பெல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் அது நழுவுகிறது.

ஒலி பிறக்கும் விதம்

நிலை உராய்வைவிட நழுவும்போதுள்ள உராய்வு குறைவு. ஆகவே பெல்ட் சற்றே பற்றும், உடனே விடும், மீண்டும் பற்றும். நொடிக்குப் பலநூறு முறை இது நிகழும்போது பெல்ட் அதிர்ந்து ஒலிக்கிறது. வயலின் வில் தந்தியை இசைப்பதும், கரும்பலகையில் சாக்குக்கட்டி கிறீச்சிடுவதும் இவ்வாறே. காலையில் பெல்ட்டில் பனி ஈரம் இருக்கும். குளிரில் ரப்பர் விறைத்திருக்கும். எஞ்சினைக் கிளப்பியதால் இறங்கிய பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டருக்குச் சுமையும் அதிகம். எனவேதான் ஒலி பெரும்பாலும் அந்நேரத்தில் எழுகிறது.

மூன்று ஒலிகள்

எல்லா ஒலிகளும் ஒன்றல்ல. எஞ்சினை முடுக்கும்போதோ, விளக்கைப் போடும்போதோ நீண்டு எழும் 'கிறீச்' நழுவலின் அடையாளம். சீரான இடைவெளியில் வரும் 'கீச், கீச்' என்னும் சிறு ஒலி, கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதைப் பெரும்பாலும் காட்டும். 'கரகர' என்ற இரைச்சல் பேரிங்கிலிருந்து வரக்கூடும்.

ஐயமிருந்தால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எட்ட நின்று பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது நீரைப் பீய்ச்சிப் பாருங்கள். ஒலி உரத்தால் இறுக்கம் போதாது. சற்று நேரம் அடங்கி, மீண்டும் வந்தால் கப்பிகளின் நேர்மையைச் சோதிக்கவேண்டும். லுங்கி, துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் விசிறியின் பக்கம் போகக்கூடாது. மற்றச் சோதனைகள் யாவும் எஞ்சினை நிறுத்திய பின்னரே.

தீர்க்கும் முறை

முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றி, அசைத்துப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங்கை மாற்றவேண்டும். பள்ளத்தின் தரை பளபளத்தால், பெல்ட் அடியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னினாலும், வெடித்திருந்தாலும், எண்ணெயில் ஊறி உப்பியிருந்தாலும் புதியது போடவேண்டும். ஆனால் எண்ணெய்க் கசிவை அடைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிடில் புதியதும் கெடும். இரட்டைப் பெல்ட்டாயின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழையது நீண்டிருக்குமாதலால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். நேரான ஒரு சட்டத்தைக் கப்பிகளின் முகத்தில் வைத்து, அவை ஒரே தளத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.

பிறகு ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை வெளிப்புறம் நெம்பிப் பெல்ட்டை இறுக்கி, போல்ட்டுகளை முடுக்குங்கள். இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை அமுங்குவது பொதுவான அளவு. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. புதிய பெல்ட் பள்ளத்தில் படிந்து சற்றுத் தளரும்; அரைமணி ஓடியபின் மீண்டும் சோதியுங்கள். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று அளவுக்கு மீறி முடுக்கினால், நீர்ப்பம்பின் பேரிங் விரைவில் தேயும்.

சோப்பு என்ன செய்தது என்பது இப்போது விளங்கும். அது பற்றி விடும் அதிர்வை மட்டும் நிறுத்தியது, நழுவலை நிறுத்தவில்லை. ஓசையின்றி நழுவும் பெல்ட் சூடேறி, இறுகி, மேலும் நழுவும். கடைசியில் ஒருநாள், ஆளரவமற்ற நெடுஞ்சாலையில், ஏற்றிய சரக்கோடு அது அறுந்துபோகும். சோப்பு போடாதிருந்தால், காலைதோறும் கேட்கும் அந்தக் கிறீச்சொலியே ஓட்டுநரை முன்கூட்டி எச்சரித்திருக்கும்.