சர்வீஸுக்குப் போன கார் மேல்மருவத்தூர் போகலாமா?

சர்வீஸுக்கு விட்ட வண்டியை ஊர் சுற்ற எடுத்துப் போவது ஒன்றும் புதிய பழக்கம் இல்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்திலேயே ஷெட்டில் விட்ட கார் கல்யாண மண்டப வாசலில் நின்ற கதைகள் உண்டு. அன்றைக்குத் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும். இன்றைக்கு வண்டியே போட்டுக் கொடுத்துவிடுகிறது.

நண்பர் ஒருவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மேற்கு மாம்பலம்வாசி. ஒரு வெள்ளிக்கிழமை தன் காரைப் பெரிய டீலர் ஒருவரின் சர்வீஸ் சென்டரில் விட்டார். பிரேக் போட்டால் கிறீச் என்று சத்தம்; கூடவே வழக்கமான ஆயில் சர்வீஸ். “பார்ட் வரணும் சார், திங்கக்கிழமை டெலிவரி” என்றார் சர்வீஸ் அட்வைசர். ஞாயிறு காலை நண்பர் காபி டம்ளரோடு பேப்பரைப் பிரிக்கும்போது போனில் ஒரு குறுஞ்செய்தி. பரனூர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் கழிந்திருக்கிறது. மத்தியானம் அதே பரனூரிலிருந்து இன்னொரு செய்தி, இந்த முறை காலையில் கழிந்ததைவிடக் குறைந்த தொகை. ஒரே நாளில் திரும்பி வருபவருக்குக் கிடைக்கும் சலுகை. நல்ல சிக்கனக்காரர்தான் ஓட்டிப் போயிருக்கிறார்.

பதறிப்போய் அட்வைசருக்கு போன் போட்டால், “நம்ம ஒர்க்‌ஷாப்லதான் சார் நிக்குது. இன்னிக்கு லீவு, ஒருத்தரும் இல்ல” என்று பதில். திங்களன்று போய்ப் பார்த்தால் மீட்டரில் 190 கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. டிரைவர் சீட் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. கியர் லிவருக்குப் பக்கத்துக் குழியில் ஒரு குங்குமப் பொட்டலம், மேல்மருவத்தூர் என்று அச்சடித்தது.

“தம்பி, இது என்னப்பா?”

“டிரையல் போயிருப்பாங்க சார்.”

“டிரையல் பாக்க ஆதிபராசக்தி கோயில் வரைக்குமா போவீங்க?”

அந்தப் பையனுக்கு 25 வயது இருக்கும். வண்டியை எடுத்தவர் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேலையில் நீடிக்க வேண்டுமானால் சொல்ல முடியாது. இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அட்வைசரிடம் குரலை உயர்த்துவதால் பைசா பிரயோஜனம் இல்லை. பேச வேண்டிய ஆள் வேறு, மொழியும் வேறு.

முதலில் அவர்கள் பக்க நியாயம். எல்லா ஓட்டமும் திருட்டு ஓட்டம் ஆகாது. சஸ்பென்ஷனில் ‘கடகட’ என்று சத்தம் வருகிறது என்று சொல்லி வண்டியை விட்டால், மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று நேர்ச்சாலையில் பார்த்தே ஆக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அதை எரித்துச் சுத்தம் செய்ய ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் உண்டு. ஆகவே மீட்டர் ஐந்தோ பத்தோ கூடியிருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். கேள்வி எளிமையானது: எந்தப் புகாருக்காக ஓட்டினார்கள், யார் ஓட்டினார், ஜாப் கார்டில் எழுதியிருக்கிறதா? உண்மையான ரோடு டெஸ்டுக்கு இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், பலர் நுகர்வோர் சட்டத்தைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. அதன் 154-ஆம் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் உதாரணம் சுவாரஸ்யமானது. கல்கத்தாவில் ஒருவர் காசிக்குப் போவதாகச் சொல்லி வாடகைக்குக் குதிரை எடுக்கிறார். காசிக்குப் போகாமல் கட்டாக்குக்குப் போகிறார். ஒழுங்காக, ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறார். ஆனாலும் வழியில் குதிரை தவறி விழுந்து அடிபடுகிறது. நஷ்டஈடு அவர்தான் கொடுக்க வேண்டும். ‘நான் கவனமாகத்தானே ஓட்டினேன்’ என்ற பேச்சே எடுபடாது. சொன்ன வழியில் போகவில்லை, அவ்வளவுதான்.

குதிரை இருந்த இடத்தில் காரையும், கட்டாக் இருந்த இடத்தில் மேல்மருவத்தூரையும் வைத்துப் பாருங்கள். 150 வருஷத்துக்கு முந்தைய பிரிவு இன்றைய ஒர்க்‌ஷாப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

“ஜாப் கார்டு பின்னாடி படிங்க சார், ‘வண்டி உரிமையாளர் பொறுப்பில்’னு போட்டிருக்கு” என்று சிலர் வாதாடுவார்கள். பொடி எழுத்தில் அப்படி அச்சடித்திருப்பதும் உண்மைதான். ஆனால், அந்த வரி சோதனை ஓட்டத்துக்குத்தான் அனுமதி, கோயில் குளத்துக்கு அல்ல. தவிர, இப்படி ஒரு வரியை அச்சடித்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998-இல் ஒரு விருந்தினர் தன் மாருதி ஜென் காரின் சாவியை வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோட்டல் கொடுத்த சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சாகியிருந்தது. 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சாவி கைமாறிவிட்டால் வண்டியைப் பாதுகாப்பது வாங்கியவர் கடமை. தன் ஊழியரின் அலட்சியத்துக்கு அச்சடித்த சீட்டைக் காட்டித் தப்ப முடியாது. என்ன நடந்தது என்று விளக்க வேண்டியவரும் அவரே. கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். 190 கிலோமீட்டர் எப்படிக் கூடியது என்று நண்பர் நிரூபிக்க வேண்டியதில்லை, சர்வீஸ் சென்டர்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

போனது கொஞ்சம் பெட்ரோல்தானே, இதற்கு இவ்வளவு அமர்க்களமா என்று வீட்டிலேயே கேட்பார்கள். பெட்ரோல் போனால் போகட்டும். சாவி போனாலும் பொறுப்பு நம் தலையில்தான் நிற்கிறது என்பதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். சிக்னலைத் தாண்டினாலோ வேகமாகப் போனாலோ கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டை. அபராதச் செலான் வருவது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு. ஓட்டியது யாரென்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது உரிமையாளர் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. வழியில் யாரையாவது இடித்துவிட்டால் அந்த மூன்றாம் நபருக்கான நஷ்டஈட்டு வழக்கில் நம் பெயரும் நம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரும் வரும். மெக்கானிக் கையில் இருக்கும்போது நடந்த விபத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்க மாட்டார். ஆனால், கோர்ட் படி ஏறி இறங்கப் போவது நாம்.

இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். கடையில் எடுபிடியாக இருக்கும் 16, 17 வயதுப் பையன் நம் பைக்கில் டீ வாங்கப் போய்ப் போலீஸிடம் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு உரிமையாளர் மீதும் பாயும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு ஆர்.சி. ரத்து. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியது, மறுபடியும், நாம்.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் 2020-இல் ஒருவர் ஆயில் மாற்றத் தன் ஜீப்பை சர்வீஸுக்கு விட்டார். லைசென்ஸ் இல்லாத, கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியாத 19 வயது ஊழியர் அதை ஸ்டார்ட் செய்ய, வண்டி பாய்ந்து சக மெக்கானிக் ஒருவர் இறந்துபோனார். வழக்கு யார் மீது தெரியுமா? ஜீப் சொந்தக்காரர் மீது. முதலாளி மீது வழக்குப் போட அங்குள்ள தொழிலாளர் சட்டம் இடம் தராததால் வந்த வினை.

ஒர்க்‌ஷாப்காரர்கள் ஓட்டிப் போய் வண்டியை இடித்துக்கொண்டு வந்தால், மேனேஜர் ரொம்பப் பணிவாக ஒரு வழி சொல்வார்: “உங்க இன்ஷூரன்ஸ்லயே க்ளெய்ம் போட்டுடலாம் சார், ஒரு பைசா செலவில்லாம புதுசா ஆக்கித் தர்றோம்.” இந்தப் பணிவுக்கு மயங்கக் கூடாது. க்ளெய்ம் எழுதிய அடுத்த வருஷம் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருஷம் சுத்தமாக வைத்திருந்தவருக்கு அது சொந்த சேத பிரீமியத்தில் 50 சதவீதம். அதைவிட மோசம், க்ளெய்ம் படிவத்தில் ‘ஓட்டியவர்’ என்ற இடத்தில் நம் பெயரையே போட்டுக் கையெழுத்து கேட்பது. போட்டால் பொய்த் தகவல் தந்த குற்றம் நம்முடையதாகிவிடும். பட்டறை நடத்துபவர்கள் இதற்கென்று தனியாக மோட்டார் டிரேட் பாலிசி எடுக்க முடியும். எடுக்காமல் விட்டிருந்தால் அது அவர்கள் பாடு.

சரி, மாட்டிக்கொண்டார்கள். அடுத்து என்ன? கோபத்தில் பில் கட்ட மாட்டேன் என்று நிற்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. செய்த வேலைக்குக் கூலி வரும் வரை வண்டியை வைத்துக்கொள்ள அதே 1872 சட்டம் பட்டறைக்கு உரிமை தருகிறது. அதனால் வண்டி அங்கேயே நிற்கும், நாம் ஆட்டோவில் போய்க்கொண்டிருப்போம். பணத்தைக் கட்டிவிட்டு, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லிலேயே எழுதுவது உத்தமம். திருப்தி என்று கையெழுத்து கேட்கும் தாளில் மட்டும் போடக் கூடாது. வண்டியை நகர்த்தும் முன் மீட்டர், பெட்ரோல் முள், கீறல்கள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுக்க வேண்டும். புளூடூத் பட்டியலில் தெரியாத போன் எதுவும் ஏறியிருக்கிறதா, மேப்பில் புதிய இடம் தேடியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். கனெக்டட் வசதி உள்ள கார்களில் எங்கே, எப்போது ஓடியது என்பதை ஆப்பே காட்டும். டேஷ்கேம் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அதையும் படம் எடுங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றினோம் என்பார்கள், பிரேக் வேலைக்கு கேமரா என்ன இடைஞ்சல் செய்யும் என்று கேட்கலாம்.

இதையெல்லாம்விடப் பலமான சாட்சி வாசலில் இருக்கிறது. செக்யூரிட்டி கையில் இருக்கும் நீளமான நோட்டு. வண்டி நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எடுத்துப் போனவர் பெயர் எல்லாம் அதில் கோணல் எழுத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் திருத்தலாம், அந்த நோட்டில் திருத்தினால் கண்ணுக்குத் தெரியும். நண்பர் செய்தது இதைத்தான். முதலில் ஃப்ரீயாக பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் நகலும் அன்றைய சிசிடிவி பதிவும் வேண்டும், பதிவை அழிக்கக் கூடாது என்று ஈமெயில் அனுப்பினார். டீலருக்கு ஒன்று, கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒன்று. நோட்டு வரவில்லை, ஜெனரல் மேனேஜர் வந்தார். எழுத்தில் மன்னிப்பு, சர்வீஸ் பில் தொகை முழுக்கத் திருப்பி, டோல் பணமும் சேர்த்து.

கம்பெனிக்கு எழுதும்போது டீலர் ஏன் நடுங்குகிறார் என்பது, சர்வீஸ் முடிந்த மறுநாள் வரும் அழைப்பைக் கேட்டவர்களுக்குப் புரியும். “சார், கம்பெனிலேர்ந்து கால் வரும், பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், எட்டு போட்டாகூட எங்களுக்கு மைனஸ்” என்று அட்வைசர் கெஞ்சுவார். அந்த மார்க்கை வைத்துத்தான் டீலரின் தரத்தை கம்பெனி அளக்கிறது. பிரச்னை தீராமல் பெருந்தன்மையாகப் பத்து போடுபவர்கள், கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

தெருமுனை மெக்கானிக்கையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். எங்கள் தெருவில் ஒருவர், “அண்ணே, டயர் வாங்க பாரிஸ் கார்னர் வரைக்கும் உங்க வண்டியிலயே போயிட்டு வந்துடட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். கேட்டுவிட்டால் அது வேறு விவகாரம். சட்டம் பார்ப்பதும் அனுமதியைத்தான்.

டீலரும் கம்பெனியும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். விபத்து நடந்திருந்தாலோ, வண்டியிலிருந்து பொருள் காணாமல் போயிருந்தாலோ போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துக் கையோடு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் செலானோ சம்மனோ வந்தால் ஜாப் கார்டும் அந்த ரசீதும்தான் காப்பாற்றும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் சட்டப்படி டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. சோதனைக்கூட அறிக்கை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது; நடைமுறையில் அதைவிட இழுக்கும், அந்தப் பொறுமையோடுதான் போக வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சர்வீஸ் பில் எதுவும் அந்த எல்லையைத் தாண்டப் போவதில்லை.