அலைக்கு இரண்டு வீடு
(மறுபடியும் பௌதிகம் – 11)

சென்ற வாரம் கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை உதறிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவைக்கவும் சொன்னேன். செய்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: உதறல் ஜன்னல் வரை ஓடியது; சிவப்பு நூல் எழும்பி இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. அலையோடு பயணம் போவது ஆற்றல் மட்டும்தான்.

இந்த வாரக் கேள்வி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் கேட்டது. “மாமா, மெதுவாக் கூப்பிடுறதைவிடக் கத்திக் கூப்பிட்டா சத்தம் சீக்கிரம் போய்ச் சேருமா?”

அன்று மாலை எங்கள் தெருக்கோடியில் சாமி புறப்பாடு. அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், “தவில்காரர் கையைப் பார்த்துக்கிட்டே கேளு” என்றேன். ஊர்வலம் இருந்த இடம் 175 மீட்டர் தள்ளி இருக்கும். குச்சி இறங்கியது கண்ணுக்குத் தெரிந்து அரை விநாடி கழித்துத்தான் அடி காதுக்கு வந்தது. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கணக்கு சரியாக இருந்தது.

“இப்ப நாகஸ்வரத்தையும் சேர்த்துக் கேளு. ஏதாவது முன்னே பின்னே வருதா?”

வரவில்லை. தவிலின் தொப்பிப் பக்கத்துக் கும்மென்ற முழக்கம், வலந்தலைப் பக்கத்துக் கணீர், நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி, நடுவே அடங்கி ஒலித்த ஜால்ரா எல்லாம் தாளம் பிசகாமல் வந்தன. சத்தமானது வேகமாகவும் மெல்லியது மெதுவாகவும் போவதாக இருந்தால், தெருக்கோடிக் கச்சேரி நம் மாடிக்கு வருவதற்குள் கந்தலாகியிருக்கும். அவள் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்: “அப்ப கத்தினாலும் ஒண்ணுதான்.”

கத்தும்போது கூடுவது வீச்சு. அதாவது, காற்றுத் துகள் தன் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் அசைகிறது என்பது. விநாடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பது அதிர்வெண். சுருதியின் ஏற்ற இறக்கம் அதனால் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் அலைநீளம். ஒலிக்கு முகடு கிடையாது. காற்று நெருங்கியிருக்கும் ஓர் இடத்திலிருந்து அடுத்த நெருக்கம் வரை அளக்க வேண்டும். வேகம், அதிர்வெண், அலைநீளம் மூன்றையும் கட்டிப்போடும் சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம்: வேகம் = அதிர்வெண் × அலைநீளம்.

மனப்பாடத்தில் ஒரு விஷயம் நழுவிவிடும். இந்த மூன்றில் எதை யார் தீர்மானிக்கிறார்கள்? அதிர்வெண் தாய்வீட்டுச் சீதனம். அலையைப் பிறப்பித்த பொருள் கொடுத்தது, போகிற இடமெல்லாம் கூடவே வரும். வேகம் புகுந்த வீட்டுச் சட்டம். காற்று, தண்ணீர், இரும்பு என்று ஊடகம் வைத்ததுதான். இரண்டுக்கும் நடுவே வளைந்துகொடுப்பது அலைநீளம். விநாடிக்கு 440 முறை அதிரும் ஒரு சுரத்தின் அலைநீளம் காற்றில் சுமார் 80 சென்டிமீட்டர். அதே சுரம் தண்ணீருக்குள் இறங்கினால், அங்கே ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் என்பதால், அலைநீளம் 3.4 மீட்டராக நீள்கிறது. சுருதி மாறுவதில்லை.

இந்தப் பாடத்தை நம் கடற்கரை ஒருமுறை கொடூரமாகக் கண்டது. 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் குலுங்கியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக்கு வந்துவிட்டது. சுனாமியின் வேகத்தைக் கடலின் ஆழம் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36.

ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளி தாய்வீட்டுச் சொத்து, மாறாது. ஆழ்கடலில் 240 கிலோமீட்டர் நீண்டு கிடந்த அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 12 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். முன்பக்கம் தயங்க, பின்பக்கம் நெருக்கித் தள்ள, அத்தனை ஆற்றலும் குறுகிய இடத்துக்குள் அடைபடுகிறது. போக வேறு வழியில்லாமல் நீர் உயர்கிறது.

நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த ஜேசன்-1 செயற்கைக்கோள், நடுக்கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது. சுமார் 60 சென்டிமீட்டர். ஓர் ஆளின் இடுப்புக்குக்கூட எட்டாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில், பல நிமிடங்களில் அவ்வளவு உயரம் எழும்பி இறங்கினால் படகில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அன்று ஆழ்கடலில் வலைபோட்டிருந்த மீனவர்கள் ஒன்றும் அறியாமல் கரைக்குத் திரும்பினார்கள். கொடிக்கயிற்றுச் சிவப்பு நூலைப் போல அவர்கள் படகும் எழும்பி இறங்கியிருக்கிறது. அலை அவர்களைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

மாடியிலிருந்து இறங்கும்போது அக்கா மகள் கேட்டாள்: “எல்லா அலையும் இப்படித்தானா? ஒரே இடத்துல எல்லாம் ஒரே வேகமா?”

இல்லை. காற்றில் தவிலும் நாகஸ்வரமும் ஜோடி பிரியாமல் வந்தன. கண்ணாடிக்குள் நுழையும் சிவப்பு ஒளியும் ஊதா ஒளியும் அப்படி வருவதில்லை, ஊதா பின்தங்கிவிடும். அந்தச் சிறு தாமதத்தில்தான் முப்பட்டகத்தின் ஏழு நிறங்களும் பிறக்கின்றன. அது அடுத்த வாரம்.

(தொடரும்)