உறைமண்ணும் அதன் போர்வையும்

சைபீரியாவின் யாக்கூட்சுக் நகரில், செர்கின் என்னும் வணிகக் கழக அலுவலர் 1828-ஆம் ஆண்டில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டி 116 மீட்டர் ஆழம் சென்றும் நீர் சுரக்கவில்லை. உறைந்து இறுகிய மண்ணே வந்தது. 1844-இல் மிடென்டார்பு என்னும் அறிஞர் அக்கிணற்றின் பல ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். கீழே செல்லச் செல்லக் குளிர் குறைந்தது. ஆயினும் அடித்தளமும் உறைநிலையிலேயே இருந்தது. மேலிருந்து குளிர் இறங்குகிறது. கீழிருந்து புவியின் உள்வெப்பம் ஏறுகிறது. இவ்விரண்டின் போட்டியே உறைமண்ணின் ஆழத்தை வரையறுப்பது.

இதனை 'நிரந்தர உறைமண்' என எழுதுவாருளர். தொடர்ந்து ஈராண்டேனும் சுழிப் பாகைக்கு மேற்படாதிருந்தாலே அம்மண் இவ்வகையில் அடங்கும் என்பது அறிவியலார் வரையறை. ஆதலின் 'நிரந்தரம்' என்னும் அடை மிகை. 'உறைமண்' என்பதே சாலும்.

காற்றின் சராசரி வெப்பநிலை எதுவோ அதுவே மண்ணுக்கும் என்று மாணவர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. காற்றுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு போர்வை உண்டு. குளிர்காலத்தில் அது வெண்பனி. தன்னுள்ளே காற்றை அடக்கி வைத்திருப்பதால், வெண்பனி கம்பளி போல மண்ணின் வெப்பத்தைக் காக்கிறது. பருவத் தொடக்கத்திலேயே அது தடிப்பாகப் படிந்தால், மண் காற்றைவிடப் பல பாகை வெதுவெதுப்பாக இருக்கும். காற்று வாரிச் சென்ற மொட்டை மேட்டில் மண் மிகக் குளிரும்.

பாசியும் அரைகுறையாக மக்கிய தாவரப் படிவும் செய்யும் வேலை இதற்கு மாறானது. கோடையில் அவை காய்ந்து வெயிலைத் தடுக்கின்றன. குளிர்காலத்திலோ அவற்றினுள் ஊறிய நீர் உறைந்துவிடும். பனிக்கட்டி நீரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்துமாதலால், மண்ணின் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மண்ணுக்குக் குளிர்ச்சியே எஞ்சுகிறது. அடிவரை உறையாத ஆழமான ஏரியின் கீழோ, மண் உறையாமலே கிடக்கும்.

நிலத்தின் சாய்வும் சிறிய செய்தியன்று. அலாசுக்காவின் பேர்பாங்க்சுப் பகுதியில் ஒரே குன்றின் வடமுகச் சரிவில் உறைமண் உண்டு. தென்முகச் சரிவில் பெரும்பாலும் இல்லை. வானில் தாழ்ந்து செல்லும் கதிரவன் தென்முகத்தில்தான் நேராகப் படுகிறான்.

எனவே காற்று வெப்பமடைந்து வரும் இந்நாளில், போர்வையைக் கலைப்பது இருமடங்கு தீங்காகும். சைபீரியாவின் பட்டகாய் ஊரருகே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடு அழிக்கப்பட்டது. நிழலிழந்த மண் உருகத் தொடங்கிற்று. உள்ளிருந்த பனிக்கட்டி கரைய, நிலம் சரிந்து, இன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளமாக விரிந்துள்ளது. இன்னும் விரிகிறது.

யாக்கூட்சுக்கில் அடுக்குமாடிகளை உறைமண்ணில் ஊன்றிய தூண்களின்மேல் எழுப்புகின்றனர். தரைக்கும் கட்டடத்துக்கும் இடையே வெற்றிடம் விடுகின்றனர். வீட்டின் சூடு மண்ணை எட்டாது. வெண்பனி அங்கே குவியாது. குளிர்காலக் காற்று புகுந்து, கோடையில் மண் பெற்ற வெப்பத்தை வாரிச் செல்லும்.