பைபர் பெட்டியில் பாட்டி காலத்து போன்!

ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு டெலிபோன். பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்த, கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும் போன். வீட்டுக்கு பைபர் இணைப்பு வந்ததும், அதைத் துடைத்து மறுபடி ஹாலில் வைக்கலாமே என்று பலருக்கும் ஆசை வரும். இணைய இணைப்போடு லேண்ட்லைன் எண்ணும் வருகிறது. வெள்ளைப் பெட்டியின் பின்னால் போன் வயருக்கென ஒரு துளையும் இருக்கிறது.

செருகிப் பார்த்தால் முதலில் ஆனந்தம்தான். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கிறது. யாராவது கூப்பிட்டால் கணீரென்று மணி அடிக்கிறது. ஆனால், டயலைச் சுழற்றினால் எதுவும் நடப்பதில்லை. டயல் டோன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. 'போன் செத்துப்போச்சு' என்று காயலான் கடைக்கு அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான்.

போன் சாகவில்லை. அது பேசும் பாஷை பெட்டிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

சுழற்றிய டயல் திரும்பி வரும்போது லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 3 என்றால் மூன்று துண்டிப்பு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. நொடிக்குச் சுமார் 10 வீதம். பட்டன் போனோ, ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும். 1963-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த முறை இது. இன்றைய பெட்டிகளில் பல, இந்த ஒலியை மட்டும்தான் புரிந்துகொள்ளும், துண்டிப்புகளை எண்ணாது.

ஆக, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. 'பல்ஸ் டு டோன் கன்வெர்ட்டர்' என்று கேட்டு வாங்கி, போனுக்கும் பெட்டிக்கும் இடையில் மாட்டினால் போதும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.801 போல, பல்ஸ் டயலைப் புரிந்துகொள்ளும் இணையத் தொலைபேசி அடாப்டர்களும் உண்டு. ஆனால் அதற்கு போன் கணக்கின் யூசர் நேம், பாஸ்வேர்டு வேண்டும். இணைப்பு கொடுத்தவர்கள் அதைத் தருவார்களா என்று கேட்டுவிட்டு அடாப்டரை வாங்குவது நல்லது. வயர் மாட்டும் வேலையை விவரம் தெரிந்தவரிடம் விடலாம். மணி அடிக்கும் நேரத்தில் வெறும் வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

இன்னொரு சங்கதி. 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். மொத்தம் பதினோரு சுழற்று. அதிலும் முதலாவதே ஆக நீளமானது. பாட்டி சுழற்றி முடிப்பதற்குள் பேரன் ஒரு ரீல்ஸ் பார்த்து முடித்திருப்பான்!

ஆனாலும் பாட்டிக்கு இதுதான் சௌகரியம். கண்ணில் புரை விழுந்தவருக்கு வழுவழுப்பான டச் ஸ்கிரீனில் எண்ணைத் தேடுவது பெரும்பாடு. இதில் பத்தே துளைகள், விரலே எண்ணிக்கொள்ளும். அவசர உதவிக்கான 112-ஐ இருட்டில்கூடச் சுழற்றிவிடலாம்.

அந்த இருட்டில்தான் சிக்கலே இருக்கிறது. செம்புக் கம்பி காலத்தில் போனுக்கான மின்சாரம், எக்ஸ்சேஞ்சிலிருந்த பேட்டரிகளில் இருந்து கம்பி வழியாகவே வந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசும். 'கரன்ட் போனா என்ன, அதான் லேண்ட்லைன் இருக்கே' என்று பெரியவர்கள் இன்றும் நம்புவது அதனால்தான். பைபர் வழியே வருவது வெளிச்சம்; மின்சாரம் அல்ல. கரன்ட் போய் பெட்டி அணைந்தால் போனும் ஊமை. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இதை யாரும் சொல்லி வைப்பதில்லை.

ரூட்டருக்கென்றே விற்கும் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிட்டால் கவலை இல்லை. பைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். சில அடாப்டர்கள் 5 வோல்ட். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். போனுக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டிய கருவிக்குத் தனி மின்சாரம் தேவையென்றால், அதையும் யு.பி.எஸ்ஸில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் ஒரு பகல் வேளையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மகள் எண்ணைப் பாட்டியையே சுழற்றச் சொல்லிப் பார்க்கலாம்.